பழைய ஜீப்புக்கு எந்தச் சக்கரம் சரி?

பழைய ஜீப்பைப் புதுப்பிக்க எடுக்கிறவர்கள் எஞ்சினுக்கும் பாடிக்கும் தரும் கவனத்தில் பாதியைக்கூடச் சக்கரத்துக்குத் தருவதில்லை. தகரத்தின் கனம் என்ன, பெயிண்டின் பச்சை எந்தப் பச்சை என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறவர், கடைசி வாரத்தில் டயர் கடைக்குப் போய், கண்ணுக்கு எது முரடாகத் தெரிகிறதோ அதை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். ஆனால் ஜீப்பின் நிற்கும் உயரம், திரும்பும் லாகவம், மேட்டில் இழுக்கும் தெம்பு எல்லாமே சக்கரத்தில்தான் முடிவாகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஊராட்சி ஒன்றிய அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், வனத்துறை, காவல்துறை என்று அரசாங்கம் ஓடியது ஜீப்பில்தான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் கொல்லிமலைக்கும் ஏறியதும் ஜீப்தான். அரசு கழித்து ஏலம் விட்ட வண்டிகள் ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம் மாதிரியான ஊர்களில் இரண்டாம் வாழ்க்கை வாழ்ந்தன. அவற்றில் எஞ்சியவற்றை இன்று ஆர்வலர்கள் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குக் காலத்துக்குப் பொருந்திய சக்கரம் எது, அது எங்கே கிடைக்கும் என்பதை ஆராய்ந்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது: பொருத்தத்தைத் தீர்மானிப்பவை ரிம், டயரின் அளவு, டயரின் கட்டுமானம் ஆகிய மூன்றும்தான். டயரின் மேல்பரப்பில் துருத்தி நிற்கும் கட்டைகளான பட்டன்களின் தோற்றம் நான்காவதாகத்தான் வரும். நடைமுறையிலோ பெரும்பாலோர் அந்த நான்காவதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

முதலில் ‘பழைய ஜீப்’ என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் வண்டிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தயாரித்த வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ வண்டிகள். 1941 முதல் 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் தயாராகின. கிழக்கு எல்லைப் போர்முனைக்கு வந்த இவற்றில் ஒரு பகுதி, போர் முடிந்ததும் உபரிச் சரக்காக இந்தியாவிலேயே விற்கப்பட்டது. இரண்டாவது வகை, மகிந்திரா நிறுவனம் 1949இல் பம்பாய் மசகானில் உதிரிகளாக இறக்கிக் கோக்கத் தொடங்கி, பின்னர் உள்நாட்டிலேயே தயாரித்த வண்டிகள். உயர்ந்த பானட் கொண்ட சிஜே-3பி இவற்றில் பெரும்பான்மை; அமெரிக்காவில் 1953இல் வந்த அந்த வடிவம் இங்கே பல பத்தாண்டுகள் நீடித்தது. மூன்றாவது வகை, அதே சட்டகத்தின் வழிவந்த பிற்கால டீசல் ஜீப்புகள். ஜபல்பூர் ஆலையில் நிசான் பேட்ரோலின் உரிமத்தில் ராணுவத்துக்காகத் தயாரான ஜோங்காவையும் சிலர் இதே வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். அது வேறு வம்சம், அதன் சக்கரக் கணக்கும் வேறு. இந்தப் பிரிவினை ஏட்டுக் கணக்குப் போலத் தோன்றலாம். ஆனால் ஒரு வகைக்குச் சரியான சக்கரம் இன்னொன்றுக்குத் தவறாகிவிடுவதால், டயர் கடைக்குப் போகுமுன் தீர வேண்டிய முதல் சந்தேகம் இது.

போர்க்கால ஜீப்பின் சக்கரம் ஒரு தனிச் சாதனம். தொடக்கக் கால வண்டிகள் சிலவற்றைத் தவிர, மற்றவற்றில் இரண்டு பாதிகளை போல்ட்டும் நட்டும் போட்டு இணைத்த ரிம் இருந்தது. ராணுவத்தில் ‘காம்பாட் ரிம்’ என்று பெயர். உள்ளே ஓர் இரும்பு வளையம் டயரின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கும். குண்டு பட்டுக் காற்று இறங்கினாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழலாமல் வண்டி கொஞ்ச தூரம் போய்விடலாம். போர்முனையில் பெரிய கருவிகள் இல்லாமல் டயரைக் கழற்றி மாட்டவும் முடியும். அதில் மாட்டிய டயர் 6.00-16 அளவு. திசை வேறுபாடில்லாத கட்டைப் பட்டன்கள் அதன் அடையாளம். முன்னே போனாலும் பின்னே வந்தாலும் சேற்றில் ஒரே பிடிப்பு. இன்று பலரும் ‘அசல் ஜீப் டயர்’ என்று மனத்தில் வைத்திருப்பது இந்தப் படத்தைத்தான். அந்த அசலும் ஒரே மாதிரியாக இருந்ததில்லை. 1942இல் மலேயா ஜப்பான் கைக்குப் போய் இயற்கை ரப்பர் வரத்து அறுந்ததும், அமெரிக்க டயர்கள் செயற்கை ரப்பருக்கு மாறின. உள்ளே இருந்த இழையும் இன்றைய நைலான் கிடையாது. ஆகவே போர்க்கால வண்டிக்குக்கூட அசல் என்று சொல்லி ஒரு குறிப்பிட்ட ரப்பரைப் பிடித்துத் தொங்க முடியாது. நான்கு வருடத்திலும் மாறாமல் நின்றவை அளவும் குறுகலான வடிவமும்தான்.

மகிந்திரா ஜீப்பின் கதை வேறு. அது ஆட்சிப் பணிக்கும் தோட்ட வேலைக்கும் பிறந்த சிவில் வண்டி. அதன் ரிம் ஒரே துண்டாக, நடுவில் பள்ளம் விட்டு அடித்த சாதாரண எஃகு ரிம். விட்டம் 16 அங்குலம், டயர் உட்காரும் இடத்தின் அகலம் 4.5 அங்குலம். ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட். டயர் அளவு அதே 6.00-16. அந்த டயரைத் தந்தது இந்தியத் தொழிற்சாலைதான். வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் ஆலை 1936 முதலே இயங்கியது. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1952இல் ரீட்ரேடிங் ரப்பருக்கு வந்து, 1961இல் டயர் தயாரிப்பில் இறங்கியது. நெடுஞ்சாலைத் துறை ஜீப்போ வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப்போ இந்தத் தயாரிப்புகளில்தான் ஓடியிருக்க முடியும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ராணுவ டயரில் ஓடியிருக்க வழியில்லை. எனவே 1965ஆம் ஆண்டுச் சிவில் சிஜே-3பிக்கு ராணுவக் கட்டைப் பட்டன் டயரையும் காம்பாட் ரிம்மையும் மாட்டிப் பச்சை அடிப்பது, அந்த வண்டியின் சொந்த வரலாற்றை அழித்துவிட்டு வேறொரு வண்டியின் வரலாற்றைப் போர்த்துவதாகும். ராணுவமே பயன்படுத்தி ஏலத்தில் விட்ட மகிந்திரா என்றால் கதை மாறும். அதற்குச் சான்று வண்டியின் காகிதங்களிலும் சட்டகத்திலும் இருக்க வேண்டும். உரிமையாளரின் ஆசை சான்றாகாது.

அளவை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்பதற்கு இயந்திரமே பதில் சொல்கிறது. 6.00-16 டயரின் வெளிவிட்டம் சுமார் 28.5 அங்குலம். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறத்தாழ 440 சுற்று சுற்றும். சிஜே-3பியின் அச்சுப் பல் விகிதம் 5.38. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,370 சுற்றில் ஓடும். அந்தப் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின் அலுப்பில்லாமல் உழைக்கும் இடம் அது. எழுபது சொச்சம் குதிரைச் சக்திதான் அதன் மொத்தத் தெம்பு. மிச்சத்தைப் பல் விகிதமும் சிறிய சக்கரமும் ஈடுகட்டின. பவர் ஸ்டீயரிங் கிடையாது, பிரேக் சிறிய டிரம். குறுகிய டயர் தரையில் குறைந்த அகலமே பதிவதால் நின்ற இடத்திலும் ஸ்டீயரிங் திரும்பியது. மழைக்குப் பின் இறுகிய தரைக்கு மேல் சேறு படிந்த நம் செம்மண் தடங்களில், குறுகிய டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அடித்தரையைப் பிடிக்கிறது. அகன்ற டயர் மேலே மிதந்து வழுக்குகிறது. அகலம் உதவுவது ஆழமான மணலில். காவிரிப் படுகையைத் தாண்டினால் இந்தச் சமவெளியில் அப்படிப்பட்ட மணல் பெரிதாக இல்லை. அந்தக் காலப் பொறியாளர்கள் சக்கரம், பல், ஸ்டீயரிங், பிரேக் நான்கையும் ஒரே கணக்காகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் கடன்படும்.

இந்தக் கணக்கைக் கலைக்கும் மாற்றங்களில் நம் பகுதியில் பரவலானது 7.50-16. மினி லாரிகளின் டயர் அது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரி ஊர்கள் என்பதால் புதிதாகவும் பழையதாகவும் எளிதில் கிடைக்கும். மாட்டினால் வண்டி கம்பீரமாக உயர்ந்து நிற்கும். ஆனால் விட்டம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஸ்பீடாமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55இல் போகும். ஏற்றத்தில் அதே அளவு இழுவை குறையும். ஏற்காட்டு மலைப்பாதையிலும், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையிலும் கியரை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும். இறக்கத்தில் சிறிய டிரம் பிரேக் கூடுதல் கனத்தைத் தாங்க வேண்டும். இன்னொரு வழக்கம் மாருதி ஜிப்ஸியின் ரிம்மை மாட்டுவது. ஐந்து போல்ட், அதே வட்டம் என்பதால் ரிம் உட்கார்ந்துவிடும். ஆனால் அது 15 அங்குல ரிம், ஜிப்ஸியே 1985இல் வந்த வண்டி. உள்தள்ளலும் நட்டின் உட்காரும் சாய்வும் வேறாக இருக்கக்கூடும். மூன்றாவது, பழைய ரிம்மை அறுத்து நடுவில் பட்டை வைத்து வெல்டிங் போட்டு அகலப்படுத்துவது. லாரிக்குப் பாடி கட்டும் ஊரில் வெல்டிங் கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெளியே தள்ளிய சக்கரம் ஹப் பேரிங்கையும் கிங் பின்னையும் தின்கிறது, வெல்டிங் ஓட்டம் நேராக இல்லாவிட்டால் சக்கரம் ஆடுகிறது. மூன்று வழிகளிலும் வண்டி கொஞ்ச நாள் ஓடும். அந்தக் கொஞ்ச நாள் ஓட்டத்தையே ‘பொருந்திவிட்டது’ என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எதிர்த்திசையில் ஒரு தவறும் நடக்கிறது: அளவு சரியாக இருந்தாலே போதும் என்று நினைப்பது. 6.00-16 என்ற எண்ணைச் சொல்லி எந்தக் கிராமப்புற டயர் கடையில் கேட்டாலும் உடனே ஒரு டயரை எடுத்து வைப்பார்கள். அது டிராக்டரின் முன் டயர். விலை குறைவு, ரிம்மில் கச்சிதமாக உட்காரும், குறுகலாகவும் இருக்கும். ஆனால் அதன் வரிகள் உழுத மண்ணில் டிராக்டரைப் பக்கவாட்டில் நகராமல் வைக்கச் செய்யப்பட்டவை. இழுக்கும் வேலையும் சாலையில் பிரேக் பிடிக்கும் வேலையும் அதற்குத் தெரியாது. பக்கச்சுவரில் ஏ6 என்றிருந்தால் அந்த டயருக்கு விதித்த வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். ஏ8 என்றிருந்தால் 40. நெடுஞ்சாலையில் 60இல் ஓடும் ஜீப்பில் அதன் உடல் சூடேறிப் பிரியும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. பழைய ஜீப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே வேறுபாட்டைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டுத் தார்ச் சாலையில் ஓடும்போது முன் டயரின் சுற்றளவும் பின் டயரின் சுற்றளவும் கொஞ்சம் மாறினாலும், அந்த முறுக்கு முழுவதும் இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறுகிறது. முன்னால் டிராக்டர் டயர், பின்னால் லாரிக் கடையின் செகண்ட்ஸ் டயர் என்று ஓடும் ஜீப்பில் கியர் விடுவிக்க வராமல் மாட்டிக்கொள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நான்கும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறத்தாழ ஒரே தேய்மானம் என்பது இந்த வண்டியின் இயந்திர நிபந்தனை.

அளவுக்கு அடுத்தது கட்டுமானம். அந்தக் காலத்து டயர் எல்லாம் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து அடுக்கிய வகை. உள்ளே டியூப் உண்டு. இன்று கடைகளில் ‘நைலான் டயர்’ என்ற பெயரால் ரேடியலிலிருந்து பிரித்துச் சொல்வது இந்தக் கட்டுமானத்தைத்தான். நகரத்தின் கார் கடைகளில் அது ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனால் டிராக்டர், டிரெய்லர், சிறு லாரி ஆகியவற்றை நம்பி வாழும் சேலம் நாமக்கல் சமவெளியில் நைலான் டயரை லிவர் போட்டு ஏற்றவும், டியூபை மடிப்பில்லாமல் உட்கார வைக்கவும், வல்கனைசிங் போடவும் தெரிந்த கைகள் இன்னும் தொழிலில் இருக்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் நாடெங்கும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அந்த லாரிகளின் சக்கரத்தைப் பராமரித்த அனுபவமும் இந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது. பழைய வண்டி ஆர்வலர்களுக்குப் பெருநகரத்தைவிட இங்கே வசதி அதிகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 6.00-16 என்ற அளவு உலகின் பல பகுதிகளில் அருங்காட்சிப் பொருளாகிவிட்டது. இங்கே டிராக்டரின் புண்ணியத்தால் அதற்கான டியூபும் வால்வும் அன்றாடச் சரக்கு. டயர் மட்டும் டிராக்டருக்கானதாக இல்லாமல் சாலை வேகத்துக்குத் தகுதியானதாக இருக்கிறதா என்று பக்கச்சுவரைப் படித்து வாங்க வேண்டும்.

இனி ரிம். தேடலில் உண்மையான பஞ்சம் இங்கேதான். தேய்ந்தால் புது டயர் வாங்கிக்கொள்ளலாம், 4.5 அங்குல ஜீப் ரிம்மைப் புதிதாக அடித்துத் தருகிறவர்கள் இல்லாத ஊரில் பழையது போனால் போனதுதான். இதுவரை அதன் ஊற்று அரசு ஏலமும் உடைசல் கடையும். சென்னைப் புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற இடங்களில் பழைய உதிரிகள் புழங்கின. உள்ளூர் இரும்புக் கடைகளிலும் கோழிப்பண்ணைத் தள்ளுவண்டியிலும் ஜீப் ரிம் கிடந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற மத்திய விதி வந்தபின், அவை பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்குப் போக வேண்டியவை ஆகிவிட்டன. புகை கக்கும் வண்டி ஒழிவது நல்லதே. ஆனால் ரிம், ஹப், நட் எல்லாம் சேர்ந்து உலைக்குப் போகின்றன. அந்த ஊற்று அடைபட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் ரிம்மைப் பார்த்து வாங்கும் அறிவு இப்போது அவசரமாகிறது. அகலத்தை வெளி உதடுகளுக்கிடையே அளக்கக் கூடாது. டயரின் விளிம்பு உட்காரும் இடங்களுக்கு நடுவே அளக்க வேண்டும். போல்ட் துளைகள் முட்டை வடிவமாகியிருந்தால், நட் தளர்ந்து ஓடிய ரிம் என்று பொருள். டயர் உட்காரும் இடத்தில் துரு அரித்துப் பள்ளம் விட்டிருந்தால் டியூபை அறுக்கும். ஹப்பில் மாட்டிச் சுற்றி ஆட்டம் பார்க்க வேண்டும். வில்லிஸ் வண்டிகளின் இடப்பக்கச் சக்கரங்களில் நட் மறை எதிர்த்திசையில் இருக்கும். அது தெரியாமல் குழாய் போட்டு முறுக்கியதில் முறிந்த போல்ட்டுகள் எத்தனையோ. காம்பாட் ரிம் கிடைத்தால் இன்னொரு எச்சரிக்கை: காற்று இருக்கும்போது இரு பாதிகளை இணைக்கும் நட்டைத் தொடவே கூடாது. வால்வைக் கழற்றிக் காற்று முழுவதும் இறங்கியதை உறுதி செய்யாமல் அவிழ்த்தால் பாதி ரிம் குண்டாகப் பறக்கும்.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் கனமானது பாதுகாப்பு. ரேடியல் டயர் நீண்ட நாள் உழைக்கும், ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும், நேர்கோட்டில் நிம்மதியாக ஓடும். உயிரைவிட வரலாறா பெரிது என்று கேட்பவர்களை அலட்சியப்படுத்த முடியாது. நைலான் டயருக்கு வேறு குறைகளும் உண்டு: வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அடிப்பகுதி தட்டையாகி, சூடேறும் வரை வண்டி குதிக்கும். ஆனால் ரேடியலின் மேன்மை அதற்கேற்ற ரிம்மிலும் சஸ்பென்ஷனிலும்தான் வெளிப்படும். 16 அங்குலத்தில் எளிதில் கிடைக்கும் 215 அகல ரேடியலுக்கு ஐந்தரை அங்குலமாவது ரிம் வேண்டும். நாலரை அங்குலத்தில் திணித்தால் அதன் நடுப்பகுதி புடைத்து, விளிம்பு சரியாக அமராமல், வாங்கிய பாதுகாப்பே கெடும். அகன்ற ரிம்முக்குப் போனால் ஸ்டீயரிங்கும் பேரிங்கும் சுமை சுமக்கும் பழைய கதை. 60 கிலோமீட்டரை ஒட்டி ஓடுவதற்கென்றே பல் போட்ட, சிறிய டிரம் பிரேக் கொண்ட வண்டியை 90இல் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு எந்த டயரும் காவலாகாது. தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போய்வர வண்டி வேண்டுமென்றால் பழைய ஜீப்பே தவறான தேர்வு. அந்தத் தவறை டயரால் திருத்த முடியாது. அதன் வேகத்தில் ஓட்டுகிறவருக்கு, புதிய தயாரிப்பு நைலான் டயர் நான்கு போதுமான பாதுகாப்பு.

இரண்டாவது மறுப்பு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து, பழமையில் தீவிரமானவர்களிடமிருந்து வருகிறது. காலத்துக்குப் பொருந்த வேண்டுமென்றால் அந்தக் காலத்திலேயே செய்த டயர் அல்லவா வேண்டும். புதிய நைலான் டயர் எப்படிப் பொருந்தும் என்கிறார்கள். குடோனில் உறை பிரிக்காமல் கிடந்த முப்பது வருட டயர் ஒன்று கிடைத்தால் பெரிய விலை கொடுக்கவும் தயங்குவதில்லை. ரப்பர் ஓடாவிட்டாலும் கிழடாகும்: காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் அதைக் கெட்டியாக்குகின்றன, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விடுகின்றன, அடுக்குகளுக்கு இடையிலான ஒட்டு விடுபடுகிறது. மேட்டூர் வெயிலில் இது வேகமாக நடக்கும். 2000க்குப் பின் வந்த டயர்களில் நான்கு இலக்கக் குறியீட்டின் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் சொல்கின்றன; அதற்கு முந்தைய மூன்று இலக்கக் குறியீடு இருந்தாலே அந்த டயர் காட்சிக்கு மட்டும் என்று முடிவு செய்துவிடலாம். டயர் தேய்வதற்கென்றே செய்த பொருள்; 1965இல் வண்டியை வாங்கியவரும் சில வருடத்துக்கு ஒருமுறை புதியது போட்டார். அந்தப் பழக்கத்தைத் தொடர்வதே வரலாற்றுக்கு நெருக்கம். இதே காரணத்தால் ரீட்ரேடிங்கையும் தள்ளிவிட முடியாது. நம் ஜீப்புகள் ரீட்ரேடிங் போட்ட டயரில்தான் பாதி வாழ்நாள் ஓடின. டயரின் உடலான கேசிங் இளமையாகவும் காயமில்லாமலும் இருந்தால் அது நேர்மையான வழி. கிழட்டுக் கேசிங்கின் மேல் புதுப் பட்டன் ஒட்டுவது கண்ணை ஏமாற்றும் வேலை.

மூன்றாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. இந்த ஊர் ஜீப்புகள் எப்போதுமே மாற்றப்பட்டவை: பெட்ரோல் எஞ்சினை எடுத்து டீசல் வைத்தார்கள், சட்டகத்தை நீட்டினார்கள், கிடைத்த டயரை மாட்டினார்கள். அப்படியிருக்கத் தொழிற்சாலைப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ‘சரி, தவறு’ சொல்வது வண்டியின் உண்மையான வாழ்க்கையை மறுப்பதாகாதா? இதில் நியாயம் இருக்கிறது. மாற்றங்களுக்கும் காலம் உண்டு. 1970களில் டீசல் ஏற்றி 7.50-16 மாட்டிக் கொல்லிமலைக்கு மிளகு மூட்டை சுமந்த ஜீப் அந்த உருவத்திலேயே பாதுகாக்கத் தகுந்த சான்று. ஆனால் இந்த நியாயம் எதையும் மாட்டிக்கொள்ள அனுமதிச் சீட்டு ஆகாது. அது கேட்பது ஒரு தேர்வை: வண்டியின் வாழ்க்கையில் எந்த ஆண்டை மீட்க விரும்புகிறோம்? அந்த ஆண்டுக்குரிய எஞ்சின், பல், ரிம், டயர் எல்லாம் ஒன்றுக்கொன்று உடன்பட வேண்டும். பதிவுப் புத்தகம், பழைய புகைப்படம், சட்டகத்தில் இருக்கும் வெல்டிங் தழும்பு, ரிம்மில் குத்திய அளவு ஆகியவை சாட்சிகள். 1965இன் முகப்பு, 1985இன் ரிம், 2015இன் ரேடியல் டயர் மூன்றையும் ஒரே உடம்பில் சேர்த்தால், அது எந்த ஆண்டிலும் ஓடியிராத வண்டி.

சட்டமும் சந்தையும்கூட இந்த முடிவின் பக்கமே சாய்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த பழம்பெரும் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து அசல் வடிவம் கலையாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு எண் உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. அந்தப் பதிவில் வண்டியை அன்றாடச் சாலைப் பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் விற்கும் வாகன டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2020 ஜூனிலிருந்து புதிய டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு. போர்க்காலத் தோற்றத்தில் அமெரிக்காவில் இன்றும் வார்க்கப்படும் டயர்களைத் தருவிப்பது இதனால் தனிநபருக்குச் சுலபமில்லை. இதைக் குறையாகப் புலம்புகிறவர்கள் உண்டு. போர்க்கால வில்லிஸ் வைத்திருக்கும் மிகச் சிலருக்கு அது மெய்யான குறைதான். மற்றவர்களின் வண்டிக்கு அந்த டயர் தேவையே இல்லை. இந்திய ஜீப்புக்கு இந்திய டயர் போடுவது கட்டாயத்தால் வந்தாலும் வரலாற்றோடு ஒத்தே போகிறது.

ஆக, தேடலின் வரிசை தலைகீழாக வேண்டும். முதலில் வண்டி எந்த வகை, மீட்கப்போவது எந்த ஆண்டு என்பதைக் காகிதத்திலும் சட்டகத்திலும் தேடித் தீர்மானிப்பது. இரண்டாவது, ஐந்து ரிம் சேர்ப்பது. நான்கு ஓட்டத்துக்கு, ஒன்று ஸ்டெப்னிக்கு. பணமும் பொறுமையும் இதற்குத்தான் அதிகம் செலவாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே போவது இது ஒன்றுதான். மூன்றாவது, அந்த ரிம்முக்கு உரிய அளவில், சாலை வேகத்துக்குத் தகுதியான, ஒரே காலத்தில் தயாரான நைலான் டயர்களை டியூபோடு வாங்குவது. பட்டனா, வரியா என்பதைக் கடைசியில், வண்டி செய்த வேலையைப் பார்த்து முடிவு செய்யலாம்: அலுவலக வண்டிக்கு வரி, தோட்ட வண்டிக்குப் பட்டன். பழைய ஜீப் வைத்திருப்போர் தனித்தனியாகத் தேடி ஒருவருக்கொருவர் விலையேற்றிக்கொள்வதைவிட, உடைப்பு நிலையங்களுக்குப் போகும் வண்டிகளின் ரிம்களை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பொதுவில் இருப்பு வைப்பது பயன் தரும். டிராக்டர்கள் ஓடும்வரை டியூபுக்கும் டயர் ஏற்றும் கைக்கும் இந்தச் சமவெளியில் குறைவு வராது. ரிம்மை இப்போதே மீட்காவிட்டால் அந்தக் கைகளுக்கு ஏற்றுவதற்கு எதுவும் மிஞ்சாது.